நிலைக்கு மேலே மூன்று அங்குலம்

செப்டெம்பர் 6

இன்று சொல்லாதது: மரத்தூள் ஈரமாக இருந்தது.

ஏரிக்கரையில் நாங்கள் இருவருமாகக் கட்டுகிற மரவீட்டில், சேந்தன் வாசலுக்காகச் சுவரை அறுத்துக்கொண்டிருந்தார். நான் கீழே நின்று விழுகிற துண்டுகளை இழுத்துப் போட்டேன். செயின்சோ வாளிலிருந்து பறந்த தூள் என் கழுத்துக்குள் விழுந்தது. குளிர்ந்தது. ஒரு பிடி அள்ளிப் பொத்தினேன். கையை விரித்தபோது கொழுக்கட்டை போல விரல் அடையாளத்தோடு அப்படியே இருந்தது. காய்ந்த மரத்தின் தூள் அப்படி நிற்காது. விரலிடுக்கால் உதிர்ந்துவிடும்.

இந்தப் பைன் மரங்களை, தொழிலை விட்டுப் போகிற ஒருவரிடம் மொத்தமாக வாங்கினோம். வெட்டி இரண்டு வருடம் காய வைத்தவை என்றார். இந்த வீட்டின் எல்லாத் தீர்மானங்களும் அந்த ஒரு வார்த்தையின் மேல் நிற்கின்றன. ஈர மரத்தை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவர் எழுப்பினால், காயக் காய ஒவ்வொரு மரமும் கொஞ்சம் மெலியும். சுவர் முழுவதுமாகக் கீழே இறங்கும். அதற்காகக் கதவு, யன்னல் நிலைகளுக்கு மேலே மூன்று அங்குலமாவது வெற்றிடம் விட வேண்டும். நிலையைச் சுவரோடு இறுக்கி ஆணி அடிக்கவும் கூடாது. மே மாதம் நூலகத்திலிருந்து நான் எடுத்துவந்த புத்தகத்தில் இதைப் படம் போட்டு விளக்கியிருந்தார்கள். சேந்தனுக்கு வாசித்தும் காட்டினேன்.

"அது பச்சை மரத்துக்கு. எங்கட மரம் காய்ஞ்சது" என்றார்.

காலை எட்டரைக்கு நல்ல நேரம். குறித்துத் தந்தவர் சேந்தனின் அம்மா, என் மாமி. யாழ்ப்பாணத்திலிருந்து வீடியோவில் வந்திருந்தார். பட்டுச்சேலை, நெற்றியில் திருநீறு. அங்கே மாலை. ஃபோனை நான் பிடித்திருந்தேன்.

"நிலை வைக்க முன்னம் சுவர் எழுப்பின வீட்டை இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்றார் மாமி.

"இஞ்ச இப்பிடித்தான் அம்மா. முதல்ல சுவர். பிறகு ஓட்டை. பிறகுதான் நிலை."

"ஓட்டை எண்டு சொல்லாதை. வாசல் எண்டு சொல்லு."

பகீ அண்ணா, சேந்தனோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்தவர், இப்போது லொறி ஓட்டுகிறார், சனி ஞாயிறுகளில் நகரத்திலிருந்து ஐந்து மணித்தியாலம் ஓட்டி உதவிக்கு வருகிறவர், மேப்பிள் இலைகளை நூலில் கோத்துத் தோரணமாகக் கட்டிக்கொண்டிருந்தார். "மாமி, மாவிலை இல்லை. இது மாவிலைக்கு ஒண்டுவிட்ட தம்பி. ஏத்துக்கொள்ளுங்கோ" என்றார். மாமி வாயைப் பொத்திச் சிரித்தார். நிலையின் அடியில் சேந்தன் ஒரு சிறு தங்கப் பொட்டை வைத்தார். நான் ஃபோனைச் சாய்த்து வைத்துவிட்டு மஞ்சள் பூசினேன். மற்றக் கைக்குள் மரத்தூள் இருந்தது.

"கெதியாய் வை தம்பி, நேரம் போகுது" என்றார் மாமி.

நிலையைத் தூக்கி நிறுத்தினார்கள். மேலேயும் பக்கங்களிலும் ஒரு தாள்கூட நுழையாத அளவுக்கு அளந்து அறுத்திருந்தார். சுத்தியலால் தட்டத் தட்ட அது உள்ளே போய் இறுகி நின்றது. சேந்தன் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். மாமா இறந்த பிறகு அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை.

பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். தூளைக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

செப்டெம்பர் 7

விரல்களில் பைன் பிசின். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. சோற்றிலும் அதே மணம்.

செப்டெம்பர் 14

ஐந்து யன்னல்களும் வைத்தாகிவிட்டது. காலையில் சொல்வதற்கு வசனத்தைத் தயாரித்து வைத்திருந்தேன். 'சேந்தன், அந்த மரம் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.' நான் எழுதுகிற வசனங்கள் இப்படித்தான் முழுதாக இருக்கும். பேச வரும்போது வால் மட்டும் மிஞ்சும்.

அவர் ஒரு சாண் நீள ஆணிகளை யன்னல் நிலைகளுக்கூடாகச் சுவருக்குள் இறக்கிக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்துக்கு எட்டு.

"அடேய், யன்னல் எங்க ஓடப்போகுது? ஏன் இப்பிடிச் சாத்துறாய்?" என்றார் பகீ அண்ணா.

"யன்னல் ஓடும் மச்சான்" என்றார் சேந்தன். பிறகு சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். நானும் இதை முழுதாகக் கேட்டது இன்றுதான்.

"ஆமி எங்கட இடத்தை விட்டதும் அம்மாவோட போனனான். இருபத்தேழு வருசத்துக்குப் பிறகு. சுவர் நிண்டது. நிலை இல்லை, கதவு இல்லை, யன்னல் இல்லை. இரும்பு அலவாங்கால கிண்டிக் கிண்டிக் கழட்டியிருக்கினம். அம்மாவுக்குத் தன்ர வீட்டு வாசல் எது, யன்னல் எது எண்டு தெரியேல்லை. குசினி யன்னல் இருந்த இடத்தால காலைத் தூக்கி வைச்சு உள்ள போனவ. நான் அதைப் பாத்துக்கொண்டு நிண்டனான்."

பகீ அண்ணா ஆணிப் பெட்டியைக் கிட்ட நகர்த்தினார். அவருடைய ஊர் வேறு. அங்கே சுவரும் இல்லை.

"இதைக் கழட்ட வாறவன் வீட்டையும் சேத்துத்தான் கழட்ட வேணும்" என்று சேந்தன் அடுத்த ஆணியை எடுத்தார்.

நான் தேத்தண்ணீர் போடப் போனேன்.

செப்டெம்பர் 25

தெற்குச் சுவரில் பிசின் கசிந்து சொட்டுச் சொட்டாக நிற்கிறது. வெயில் பட்டால் தேன் மாதிரி. சேந்தன் வடிவாக இருக்கிறது என்று படம் எடுத்து மாமிக்கு அனுப்பினார்.

நான் வேலை செய்த நூலகத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள், டிசெம்பரில் வருகிறேனா என்று. வேலையை விட்டுவிட்டேன் என்று சேந்தன் நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் ஆறு மாத விடுப்புத்தான் கேட்டிருந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இங்கே எழுதப் போவதில்லை.

நான் படித்த நாவல்களில் பேசாமல் இருக்கிற பெண்கள் எல்லோரும் நல்லவர்களாகவே இருக்கிறார்கள்.

ஒக்டோபர் 4

நகரத்துக்குப் போய், ஸ்காபரோ வாடகை வீட்டுத் திறப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தோம். இனி இருக்க வேறு இடமில்லை. புத்தகப் பெட்டிகள் பதினொன்று. சேந்தன் ஒன்றையும் குறை சொல்லாமல் தூக்கிவந்து வைத்தார். தனக்கென்று கொண்டுவந்தது மாமாவின் கைக்கடிகாரமும் உடுப்புப் பை ஒன்றும்தான்.

ஒக்டோபர் 11

விறகு அடுப்பு மூட்டியதிலிருந்து வீடு பேசுகிறது. 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு வேறொரு மூலையில் 'டக்'.

"வீடு எங்களைப் பழகுது" என்று சேந்தன் சொன்னார். பாணில் பட்டர் பூசி என் வாயருகே நீட்டினார். வாங்கிக்கொண்டேன். வெளியே ஏரி, பிர்ச் மரங்கள், ஒருவரும் இல்லை. அவருக்கு இது போதும். மனிதர் நடமாட்டம் இல்லாத இடத்தில் யாரும் வந்து எதையும் கழற்ற முடியாது என்பது அவருடைய கணக்கு. எனக்கு அடுத்த வீட்டு வானொலி வேண்டியிருக்கிறது. பேருந்தில் பக்கத்தில் இருக்கிறவரின் புத்தக அட்டையை எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒக்டோபர் 16

கட்டில் அறையைக் கூட்டும்போது கண்டேன். யன்னலுக்கு மேலே, இரண்டு மரங்களுக்கு நடுவில், நூல் போல ஒரு வெளிச்சம். வெளிப்பகல் அப்படியே தெரிகிறது. நாற்காலியில் ஏறிப் புத்தகத்துக்குள் வைக்கிற அட்டையை நுழைத்துப் பார்த்தேன். முழுதாக உள்ளே போயிற்று.

பக்கத்துச் சுவர் காய்ந்து இறங்குகிறது. யன்னலுக்கு மேலே இருக்கிற மரத்தால் இறங்க முடியவில்லை. அதை நிலை தாங்கிப் பிடித்திருக்கிறது. புத்தகத்தில் படமாகப் பார்த்தது இதுதான்.

சேந்தன் விறகு பிளந்துகொண்டிருந்தார். கோடரிச் சத்தம் கேட்டது. நான் பின்னிக்கொண்டிருந்த கழுத்துத்துணியைப் பிரித்தேன். மஞ்சள் கம்பளி நூல். மேசைக் கத்தியின் பின்பக்கத்தால் அந்த இடைவெளிக்குள் வைத்து அடைத்தேன். அவர் உள்ளே வருமுன் நாற்காலியை அதன் இடத்தில் வைத்தேன்.

ஒக்டோபர் 20

தீபாவளி. பகீ அண்ணா பலகாரப் பெட்டியோடு வந்தார். கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. தோளால் இடித்தார்.

"என்னடா இது, உன்ர கதவு மாமியாரைக் கண்ட மருமகள் மாதிரி முகத்தைத் தூக்கி வைச்சிருக்கு!"

"இரடா, கொஞ்சம் சீவி விடுறன்."

"சீவினால் மருமகள் சிரிப்பாளோ?"

"நீ உள்ள வந்து முறுக்கைத் தின்."

இருவரும் கதவைக் கழற்றி இரண்டு நாற்காலிகளின் மேல் கிடத்தி மேல்விளிம்பைச் சீவுளியால் சீவினார்கள். சுருள் சுருளாகச் சீவல் விழுந்தது. மாட்டியபோது சுகமாகத் திறந்தது. பகீ அண்ணா திறந்து மூடித் திறந்து மூடி, "பாத்தியோ, சிரிக்கிறாள்" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும்.

இன்னும் இரண்டு இடங்களில் நூல் வைத்திருக்கிறேன்.

ஒக்டோபர் 29

கதவை மூன்றாம் முறை சீவினார். மாலையில் படியில் குந்தியிருந்து கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் அளந்தது பிழை. ஒரு வாசல் ஒழுங்கா வைக்கத் தெரியேல்லை. அப்பா சொல்லுறவர், உன்ர கைக்கு ஒண்டும் சரிவராது எண்டு."

"ஈரக் காத்துக்குக் கதவு ஊதியிருக்கும்" என்றேன்.

அதைச் சொன்னது என் குரல்தான். அவர் தலையாட்டினார். என் கையிலிருந்த தேத்தண்ணீரை வாங்கிக் குடித்தார். "நீர் இல்லாட்டில் நான் இதை எப்பவோ விட்டிருப்பன் ஆரணி" என்றார்.

நவம்பர் 1

மாமிக்கு விசா கிடைத்துவிட்டது. 16ஆம் தேதி வருகிறார். பால் காய்ச்ச வெண்கலப் பானை கொண்டுவருகிறாராம்.

நவம்பர் 3

குசினி யன்னல் கண்ணாடி வெடித்தது. நான் பருப்புத் தாளித்துக்கொண்டிருந்தேன். யாரும் தொடவில்லை. மேல்மூலையிலிருந்து கீழ்மூலைக்கு ஒரே கோடு. கடுகு வெடித்த சத்தம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"குளிருக்கு" என்றார் சேந்தன். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நான் ஓம் என்று சொல்வதற்காகக் காத்திருந்தார்.

நவம்பர் 8

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

பகீ அண்ணா புதுக் கண்ணாடி கொண்டுவந்தார். கட்டில் அறையில் காற்று வருகிறதா என்று ஏணி வைத்து ஏறிப் பார்த்தார். யன்னலுக்கு மேலே எதையோ பிடித்து இழுத்தார். வந்துகொண்டே இருந்தது.

"மச்சான், இஞ்ச வா. உன்ர வீட்டுக்கு மஞ்சள் தாடி முளைச்சிருக்கு."

சேந்தன் வந்து பார்த்தார். நூல் தரைவரை தொங்கியது. அது இருந்த இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வெளிச்சம்.

"இதை ஆர் வைச்சது?"

"நான்தான்" என்றேன்.

"எப்ப?"

"தீபாவளிக்கு முன்னம். பிறகும் வைச்சனான்."

அவர் ஏணியில் ஏறினார். இடைவெளிக்குள் விரலை விட்டார். பிறகு நிலையின் மேல்விளிம்பைத் தடவினார். அது வில் போல வளைந்திருந்தது. அவர் மெதுவாகக் கதவுப் பக்கம் பார்த்தார், பிறகு குசினிப் பக்கம். எல்லாவற்றையும் ஒன்றோடொன்று சேர்த்துக்கொண்டிருந்தார்.

"மரம் காயேல்லை."

"ஓம்."

"உமக்கு எப்ப தெரியும்?"

"வாசல் அறுத்த அண்டைக்கு. தூள் ஈரமா இருந்தது."

பகீ அண்ணா, "நான் லொறியை ஒருக்காப் பாத்திட்டு வாறன்" என்று சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

சேந்தன் இறங்கிவந்து ஏணியின் கடைசிப் படியில் இருந்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம்.

"மூண்டு தரம் அந்தக் கதவைச் சீவினனான்."

"ஓம்."

"நீர் தேத்தண்ணி போட்டுத் தந்தனீர்."

"ஓம்."

"என்ர கைதான் பிழை எண்டு நான் சொல்லேக்கையும் பக்கத்தில நிண்டனீர்."

"நீங்கள் சந்தோசமா இருந்தீங்கள். நிலை வைச்ச அண்டைக்கு. அதைக் கெடுக்க..."

"அது அண்டைக்கு. இண்டைக்கு வரைக்கும் இரண்டு மாதம் ஆரணி."

நூலை எடுத்துப் பந்தாகச் சுற்றத் தொடங்கினார். கைகளுக்கு ஏதோ வேலை வேண்டியிருந்தது. சுற்றிக்கொண்டே கேட்டார்.

"லைப்ரரி வேலையை நீர் விடேல்லை, என்ன?"

நான் இதை அவரிடம் சொன்னதே இல்லை.

"உமக்கு இந்த வீடு வேண்டாம். இது தானா விழட்டும் எண்டு இருந்தனீர். 'எனக்கு இஞ்ச இருக்கேலாது' எண்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மே மாதமே விட்டிருப்பன். மரம் வாங்கவே போயிருக்க மாட்டன்."

நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். பந்தை என் மடியில் வைத்துவிட்டு எழுந்துபோனார்.

இன்று சொல்லாதது: அவர் கேட்டதற்குப் பதில்.

நவம்பர் 9

ஆணி அடித்த நிலையைப் பிடுங்க முடியவில்லை. அவர் விரும்பியபடியேதான் அடித்திருந்தார். பகீ அண்ணா அலவாங்கை எடுத்துவந்தார். சேந்தன் அதைப் பார்த்ததும் வேண்டாம் என்று கையைக் காட்டினார். செயின்சோவை எடுத்தார்.

கதவு நிலைதான் முதலில். மேல்மரத்துக்கு முட்டுக்கொடுக்கக் கார் ஜாக் வைத்தார்கள். நிலையை இரண்டு பக்கமும் அறுத்து எடுத்தபின் ஜாக்கை மெல்ல மெல்ல இறக்கினார்கள். மரங்கள் முனகின. பிறகு, எதிர்பாராத நேரத்தில், மேல்சுவர் முழுவதும் ஒரே தடவையில் கீழே இறங்கியது. சத்தம் நெஞ்சுக்குள் கேட்டது. கூரையிலிருந்து தூசி விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால், அந்தச் சுவரில் இருந்த இடைவெளிகள் எல்லாம் மூடியிருந்தன. ஊசி நுழையாது. சுவர் இத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருந்தது அவ்வளவுதான்.

பிறகு யன்னல்கள். இரண்டை ஒழுங்காக எடுத்தார்கள். மூன்று உடைந்தன. நான் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினேன். நிலையின் அடியில் வைத்த தங்கப் பொட்டைத் தேடினேன். கிடைக்கவில்லை.

மூன்று மணிக்கெல்லாம் பனி தூவத் தொடங்கியது. ஓட்டைகளுக்குள்ளால் அது உள்ளே வந்து அடுப்பின் மேலும் புத்தகப் பெட்டிகளின் மேலும் விழுந்தது. சேந்தன் முற்றத்தில் நின்று வீட்டைப் பார்த்தார். சுவர் நின்றது. நிலை இல்லை, கதவு இல்லை, யன்னல் இல்லை. என்ன பார்க்கிறார் என்று எனக்கும் பகீ அண்ணாவுக்கும் தெரிந்தது. நாங்கள் வேறு பக்கம் பார்த்தோம்.

"நானே கழட்டிப்போட்டன் மச்சான்" என்றார்.

"நீ கழட்டினது திருப்பி வைக்க" என்றார் பகீ அண்ணா.

சேந்தன் சட்டையில் படிந்த பனியைத் தட்டினார். வாசல் இருந்த இடத்தைத் தாண்டிப் போய், யன்னல் இருந்த இடத்தால் காலைத் தூக்கி வைத்து உள்ளே போனார். தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்று நான் கேட்கவில்லை.

பிளாஸ்ரிக் விரிப்பு அடித்து ஓட்டைகளை மூடினோம்.

நவம்பர் 10

பகீ அண்ணாவின் லொறியில் ஸ்காபரோ வந்தேன். சேந்தன் ஊருக்குள் ஒரு கராஜில் ஹீட்டர் வாங்கப் போயிருந்தார். போய்வருகிறேன் என்று சொல்வதற்கு வீட்டில் ஆள் இல்லை.

நவம்பர் 23

மாமியும் என்னோடு பகீ அண்ணா வீட்டில்தான் தங்கியிருக்கிறார். சேந்தன் இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனார். இரண்டு தரமும் நான் வேலையில் இருந்தேன். நூலகத்தில் கேட்டதும் உடனே சேர்த்துக்கொண்டார்கள்.

மாமி வெண்கலப் பானையைச் சேலையில் சுற்றிக் கட்டில் கீழே வைத்திருக்கிறார்.

"வாசலை ஒருக்காக் காட்டன் பிள்ளை."

"பனி, மாமி. றோட்டு மூடியிருக்கு."

இன்று வானம் நீலமாக இருந்தது. மாமி யன்னலால் வெளியே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எவ்வளவு தெரியும் என்று அந்த முகத்தில் படிக்க முடியவில்லை.

"பரவாயில்லை. நிலை வைக்கேக்க பாத்தனான்தானே. வடிவா இருந்தது" என்றார்.

டிசெம்பர் 14

மாமி போய்விட்டார். பானையை என்னிடம் தந்துவிட்டுப் போனார். வாங்காமல் இருந்திருக்க வேண்டும்.

பெப்ரவரி 2

பழைய காற்சட்டையைத் தோய்க்க எடுத்தேன். பையில் மரத்தூள். நன்றாகக் காய்ந்திருந்தது. விரலிடுக்கால் உதிர்ந்தது.

ஏப்ரல் 19

நேற்றுச் சேந்தன் கதவு நிலையை மறுபடி வைத்தார். பகீ அண்ணா ஃபோனில் சொன்னார். மேலே மூன்று அங்குலம் விட்டிருக்கிறார். சுவரில் ஆணி அடிக்கவில்லை. நேரம் பார்க்கவில்லை. என்னைக் கூப்பிடவில்லை. கதவு ஒரு விரலால் தள்ளத் திறக்கிறதாம்.